உங்க அப்பா ஞாபகம் வந்தது

அருப்புக்கோட்டை
ஞாயிறு இரவு, 2025

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? அண்ணனுக்கு முழங்கால் வலி தேவலையா?

பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை. நீ போன் செய்தபோதும் எடுக்கவில்லை. நீட் ரிசல்ட் வந்த ஜூன் 14 சாயங்காலம் உன் பேர் திரையில் தெரிந்தது. அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், பாப்பா பக்கத்து அறையில் இருந்தாள். கோபத்தை எல்லாம் சேர்த்து வைத்து வட்டியோடு திட்டுவாய், தெரியும். திட்டு. ஆனால் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டு.

பாப்பாவுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. எங்கள் பிரிவில் அரசுக் கல்லூரியின் கடைசி சீட்டுக்கும் அவளுக்கும் 14 மார்க் வித்தியாசம். நீட் கணக்கு உனக்குத் தெரியுமே, சரிக்கு 4, தப்புக்கு ஒன்று கழிவு. விடைத்தாளில் தப்பாகக் கறுப்பாக்கிய மூன்று வட்டம் சரியாக இருந்திருந்தால் 15 கூடியிருக்கும். மூன்றே மூன்று வட்டம், கலா! பால்பாயிண்ட் பேனாவில் கறுப்பாக்குவது, போட்டால் போட்டதுதான், அழிக்க முடியாது. இந்த வருஷம் இயற்பியல் எல்லாரையுமே அலற வைத்தது. 45 கேள்வியில் பதினொன்றைத் தொடாமலே வந்துவிட்டாள். 22 லட்சம் பேருக்கு மேல் எழுதியிருக்கிறார்கள், நாடு முழுக்கச் சேர்த்தாலும் சுமார் 1.2 லட்சம் சீட்தான் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்த மூன்று வட்டம்தான் கண்ணில் நிற்கிறது.

மே 4, பரீட்சை அன்று, பட்டப்பகலில் ஒன்றரை மணிக்கு கேட்டைச் சாத்துவதற்குள் உள்ளே போக வேண்டும். தோடு போடக் கூடாது. வேப்பமரத்தடியில் நின்று நான்தான் கழற்றினேன். இடது காதில் திருகு இறுகிப் போய் வரவே இல்லை, என் கை வியர்வையில் வழுக்கியது. "அம்மா, பதறாதீங்க, நேரம் இருக்கு" என்று அவள் எனக்குச் சொன்னாள். தோட்டைக் கைக்குட்டையில் முடிந்து, மூன்று மணி நேரமும் கையிலேயே பிடித்துக்கொண்டு அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மற்ற அம்மாக்களும் அப்படித்தான்.

அப்புறம் கலந்தாய்வு. முதல் ரவுண்டு போச்சு, இரண்டாம் ரவுண்டில் பார்க்கலாம் என்றார்கள். தினமும் எத்தனை சீட் மிச்சம், எத்தனை பேர் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போவார்கள் என்று நோட்டில் எழுதி எழுதிக் கழித்தேன். இவருக்கு இன்னொரு வருஷம் ரிப்பீட்டராகப் போட்டுவிட வேண்டும் என்று. தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்றால் வருஷத்துக்கு 13 லட்சத்துக்கு மேல், வீட்டை விற்றாலும் போதாது. ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் என்று ஏஜெண்டுகள் வேறு. நம்பரை எங்கிருந்துதான் பிடிக்கிறார்களோ!

இதற்கு நடுவில் பாப்பா தானாகக் கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அதில் தமிழ்நாட்டு சீட்டுக்கு நீட் இல்லை. ப்ளஸ் டூ மார்க்கில் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50, மொத்தம் 200-க்குக் கட் ஆஃப். அவளுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டி கல்லூரி கிடைத்துவிட்டது. அதுவும் லேசில் கிடைக்கிற சீட் இல்லை. ஐந்தரை வருஷப் படிப்பு. கோடையில் ஆச்சி வீட்டில் ஆடு குட்டி ஈன முடியாமல் கிடந்தபோது முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு இவள்தான் குட்டியை வெளியே எடுத்தாளாம். மூக்கில் இருந்த சளியை வழித்துவிட்டு, சாக்கால் துடைத்துத் தாயின் வாய்க்குப் பக்கத்தில் கிடத்தினாளாம். ஆச்சி சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் அப்போது ஆன்சர் கீ பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் இருந்தவர்கள் "பாப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். "இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு, பார்க்கணும்" என்றேன். பாப்பா என் இடது பக்கம் இலையில் உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் கேட்டாள். "எனக்கு வெட்னரி கிடைச்சிருக்குன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

அன்றிலிருந்து அவளிடம் நேராகப் பேச முடியவில்லை. அவள் அறைக்குள் இருக்கும்போது, கூடத்தில் நின்று இவரிடம் கேட்கிறேன், "அவ சாப்பிட்டாளா?" என்று. நேற்று ராத்திரி அப்படிக் கேட்ட அந்த நிமிஷத்தில் எனக்கு உங்க அப்பா ஞாபகம் வந்தது.

1993. என்ட்ரன்ஸ் ரிசல்ட் வந்த பிறகு அந்த வருஷம் முழுக்க உங்க அப்பா உன் முகம் பார்த்துப் பேசவில்லை. "அவ சாப்பிட்டாளா" என்று உங்க அம்மாவிடம் மட்டும் கேட்பாராம். ஹாஸ்டல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நீ சொன்னாய். "என்ன மனுஷன்டீ!" என்றேன் நான். வார்டன் டார்ச் அடித்துத் துரத்தியது வரை நினைவிருக்கிறது. என் பிள்ளைக்கு இப்படிச் செய்யவே மாட்டேன் என்று அன்றைக்கு உன்னிடம் சத்தியம் வேறு செய்தேன்.

கலா, உங்க அப்பாவுக்கு அப்போது கோபம் இருந்திருக்காது. எனக்கும் பாப்பா மேல் கோபம் துளிகூட இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால் ராத்திரி இரண்டு மணிக்கு டீ போட்டுக் கொடுத்த நாளெல்லாம் வந்து தொண்டையை அடைக்கிறது. அதை அவள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் திரும்பிக்கொள்கிறேன். ஆனால் அவளுக்குத் தெரிவது என் முதுகு மட்டும்தானே. உனக்கும் அப்படித்தான் இருந்ததா? அவர் என்ன சொல்லியிருந்தால் உனக்கு ஆறியிருக்கும்? இல்லை, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே போதுமாக இருந்ததா? எனக்கு இதைச் சொல்ல வேறு ஆள் இல்லைடீ.

அடுத்த திங்கட்கிழமை ராமையன்பட்டியில் சேர்க்கப் போகிறோம். உன் பாளையங்கோட்டை வீடு பக்கம்தானே, ஹாஸ்டலில் உள்ளூர்ப் பாதுகாவலர் பேருக்கு உன் பெயரைத்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள் பாப்பா. என்னைக் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். வாளி, பூட்டு, பாய் எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்கிறேன். உன் வீட்டு எலுமிச்சை ஊறுகாய் மட்டும் ஒரு பாட்டில் போட்டு வை.

கடிதம் கைக்கு வந்ததும் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடு. அப்போதுதான் அவள் குளிக்கப் போவாள், கால் மணி நேரம் கிடைக்கும்.

உன்
சுந்தரி