சம்பளம் காட்டு என்கிறது மாகாணம், வேலைக்குப் போகாதே என்கிறது ஒட்டாவா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் கொலம்பியா (பி.சி.) தனக்கு வேண்டிய தொழிலாளர்களைத் தேர்ந்தெடுத்து நிரந்தரக் குடியிருப்புக்குப் பரிந்துரைக்கும் மாகாண நியமனத் திட்டம், நாமெல்லாம் பி.என்.பி. என்று சொல்வது, அதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். புள்ளிக் கணக்கு, ஆங்கிலத் தேர்வு, முதலாளி தர வேண்டிய கடிதம் எல்லாவற்றையும் விளக்கமாக எழுதியிருந்தார்கள். ஆனால் குடும்பத்தின் அளவுக்கு ஏற்ற குறைந்தபட்ச வருமானம் காட்ட வேண்டும் என்பதை மட்டும் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார்கள். எங்களைப் போன்ற பல வீடுகளில் தூக்கத்தைக் கெடுப்பதே அந்த ஒரு வரிதான். நாங்கள் சர்ரேயில் இருக்கிறோம், என் கணவர் ஓர் உணவகத்தில் சமையல்காரர், இரண்டு பிள்ளைகள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், வெட்டாமல் போட்டால் நல்லது.

விதி இதுதான். உங்களையும் உங்களை நம்பி இருப்பவர்களையும் அரசு உதவி இல்லாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு உங்கள் வேலையில் சம்பளம் வருகிறதா என்று மாகாணம் பார்க்கிறது. குடும்பத்தில் எத்தனை பேர், வான்கூவர் பெருநகரத்துக்குள் இருக்கிறீர்களா வெளியே இருக்கிறீர்களா என்பதை வைத்து அந்தத் தொகை மாறும். பெருநகரத்துக்குள் என்றால் அதிகம். சர்ரே, பர்னபி, லாங்லி எல்லாம் உள்ளே, ஆபட்ஸ்போர்ட் வெளியே. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இங்கே வீட்டு வாடகை என்ன என்று தெரிந்த யாரும் அந்தத் தொகை ரொம்ப அதிகம் என்று சொல்ல மாட்டார்கள். சொல்லப்போனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு நான்கு பேர் சர்ரேயில் குடித்தனம் நடத்துவது கஷ்டம்தான்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், எதைச் சம்பளம் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில். உறுதி செய்யப்பட்ட அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் கணக்கு. ஓவர்டைம் சேராது, போனஸ் சேராது, கமிஷன் சேராது, டிப்ஸ் சேராது, முதலாளி தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தால் அதுவும் சேராது. உணவகத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது என்ன அடி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளி, சனி இரவுகளில் நின்று ஓவர்டைம் பார்த்துத்தான் மாதக் கடைசியில் கையில் நாலு காசு மிஞ்சுகிறது, அந்தக் காசு வருமான வரிக் கணக்கில் வருமானமாகவே ஏறுகிறது, ஆனால் குடியேற்றக் கணக்கில் அது இல்லாத காசு. சரி, ஓவர்டைம் நாளைக்கே நின்றுபோகலாம், அதை நம்பி ஒரு குடும்பத்தை எடைபோட முடியாது என்று அவர்கள் சொல்வதும் நியாயம்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். சமையல்காரர் ஒருவருக்கு மணிக்கு 21 டாலர், வாரம் 40 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 43,680 டாலர். கல்யாணம் ஆகாத பையனுக்கு இது தாராளமாகப் போதும், கேள்வியே இல்லை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஒருவர் அதே அடுப்படியில் அதே சம்பளத்துக்கு நின்றால், அவருக்கு வான்கூவர் பெருநகரத்துக்குள் இது போதாது. வேலையில் பத்து வருட அனுபவம் இருந்தாலும், ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் இருந்தாலும், இந்த ஒரு இடத்தில் கோப்பு நின்றுவிடும். முதலாளி தரும் கடிதத்தில் வாரம் 40 மணி என்று இருக்கிறதா 30 மணி என்று இருக்கிறதா என்பதையும் பலர் பார்ப்பதில்லை. முழுநேர வேலை என்பதற்குச் சராசரியாக 30 மணி போதும், ஆனால் அதே 21 டாலருக்கு 30 மணி என்றால் ஆண்டுக்கு 32,760 தான். பதினோராயிரம் டாலர் அங்கேயே போய்விடுகிறது.

இதற்கு மாகாணமே ஒரு வழி வைத்திருக்கிறது. ஒருவர் சம்பளம் போதவில்லை என்றால், கணவனோ மனைவியோ பி.சி.யில் சட்டப்படி வேலை செய்துகொண்டிருந்தால் அந்த வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். நல்ல விதி. இரண்டு பேரும் உழைத்துத்தானே இந்த ஊரில் எல்லாக் குடும்பமும் ஓடுகிறது, இங்கேயே பிறந்தவர்கள் குடும்பம் உட்பட. பி.சி.யில் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூன் 1-ஆம் தேதி மணிக்கு 17.85 டாலர் ஆனது. அந்தக் கணக்கிலேயே பார்ப்போம். நான் வாரம் 30 மணி நேரம் ஒரு கடையில் நின்றால்கூட ஆண்டுக்கு 27,846 டாலர் வரும். மேலே சொன்ன 43,680 உடன் சேர்த்தால் 71,526. பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் நான் வேலைக்குப் போக முடியாது. 2025 ஜனவரி 21-ஆம் தேதி ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, ஒரு மாற்றம் கொண்டுவந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்களின் துணைவருக்குக் கொடுக்கும் திறந்த வேலை அனுமதியை, அதாவது எந்த முதலாளியிடமும் வேலை பார்க்க விடும் அனுமதியை, சுருக்கிவிட்டார்கள். வேலைகளை அவற்றுக்கு வேண்டிய படிப்பு, பயிற்சியை வைத்து டீர் என்று படி பிரித்திருக்கிறார்கள். அதில் டீர் 0, டீர் 1 என்று வகைப்படுத்திய மேலாளர், பொறியாளர் மாதிரி வேலைகளில் இருப்பவர்களின் துணைவருக்கு உண்டு. டீர் 2, டீர் 3 வேலைகளில் ஆள் பற்றாக்குறை உள்ள சில துறைகளுக்கு மட்டும் உண்டு: மருத்துவம், கட்டுமானம், கல்வி, அறிவியல் தொழில்நுட்பம் என்று ஒரு பட்டியல். சமையல்காரர் டீர் 3, அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்த வேலை அனுமதியையும் அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பட்டியலில் உள்ள வேலையாக இருந்தாலும் துணைவர் விண்ணப்பிக்கும்போது தொழிலாளியின் அனுமதியில் இன்னும் 16 மாதமாவது மீதி இருக்க வேண்டும். ஆனால் 2024 செப்டம்பர் 26 முதல் குறைந்த சம்பளப் பிரிவில் வரும் தற்காலிகத் தொழிலாளிக்கு ஒரே ஒரு வருடத்துக்குத்தான் வேலை தர முடியும். குறைந்த சம்பளம் என்றால் ஏதோ குறைந்தபட்சக் கூலி என்று நினைக்காதீர்கள், 2025 ஜூன் கடைசியில் வைத்த எல்லைப்படி பி.சி.யில் மணிக்கு 36.60 டாலருக்குக் கீழே வாங்கியவர் எல்லாரும் அந்தப் பிரிவுதான். பன்னிரண்டு மாத அனுமதியில் பதினாறு மாதம் எங்கிருந்து மீதி வரும்? இதை எழுதியவர்கள் இரண்டு விதிகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

நிரந்தரக் குடியிருப்பை (பி.ஆர்.) நோக்கி நகர்ந்துவிட்டவர்களின் துணைவருக்கு இந்தப் புதிய கட்டுப்பாடு பொருந்தாது என்று ஒட்டாவா அப்போதே சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்குப் போக மாகாணத்தின் நியமனம், அதாவது நாமினேஷன், வேண்டும், நாமினேஷனுக்குக் குடும்ப வருமானம் வேண்டும், வருமானத்துக்கு என் சம்பளம் வேண்டும், என் சம்பளத்துக்கு வேலை அனுமதி வேண்டும், வேலை அனுமதிக்கு நாமினேஷன் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதை இரண்டு அரசாங்கமும் சேர்ந்து சட்டமாகவே எழுதிவிட்டன.

இதை யாரிடம் சொன்னாலும் இரண்டு அறிவுரை வருகிறது. ஒன்று, வான்கூவரை விட்டு வெளியே போங்கள். உண்மையிலேயே அதில் லாபம் உண்டு, நான் மறுக்கவில்லை. பெருநகரத்துக்கு வெளியே வருமான எல்லை குறைவு. புள்ளிக் கணக்கிலும் பெருநகரத்துக்குள் இடத்துக்கு ஒரு புள்ளியும் கிடையாது, ஆபட்ஸ்போர்ட், மிஷன், சில்லிவாக், ஸ்குவாமிஷ் பக்கம் என்றால் 5, காம்லூப்ஸ், பிரின்ஸ் ஜார்ஜ் மாதிரி தள்ளிப் போனால் 15. ஆனால் இப்போதைய வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டிப்போட்டது. ஊர் மாற வேண்டும் என்றால் புது முதலாளி, வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க அவர் மத்திய அரசிடம் வாங்க வேண்டிய புது எல்.எம்.ஐ.ஏ. ஒப்புதல், புது அனுமதி. பஸ் ஏறிப் போய் இறங்குகிற வேலையா அது? போக முடிந்தவர்கள் கண்டிப்பாகப் போங்கள், ஆனால் எல்லாருக்கும் மருந்து இதுதான் என்று சொல்லாதீர்கள்.

இரண்டாவது அறிவுரை, குடும்பத்தை ஊரில் விட்டுவிடுங்கள், ஒற்றை ஆளாகக் காட்டுங்கள். இதைச் சொல்பவர்களில் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. மனைவியும் பிள்ளைகளும் வெளிநாட்டில் இருந்தாலும் குடும்ப எண்ணிக்கையில் வருவார்கள். அவர்களை மறைத்துவிட்டு விண்ணப்பித்தால் பிற்பாடு குடும்பமாக ஸ்பான்சர் செய்யும் வழியே அடைபட்டுவிடும், கனடா குடிவரவு ஒழுங்குவிதிகளில் அது தெளிவாக இருக்கிறது. பொய் சொன்னது பிடிபட்டால் ஐந்து வருடத் தடை வேறு. தயவுசெய்து யாரும் இந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். (ஊரில் இருக்கும் அம்மா அப்பா இந்த எண்ணிக்கையில் வருவதில்லை. மாதா மாதம் அவர்களுக்கு அனுப்பும் பணத்தைப் பற்றியும் இந்தக் கணக்கில் யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு விஷயத்தில் தப்பித்தோம்.)

அப்புறம் மூன்றாவதாக ஒன்று நடக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சில முதலாளிகள் கடிதத்தில் மணிக்கு 27 டாலர் என்று கூட்டி எழுதிக் கொடுப்பார்கள், வங்கியிலும் 27 கணக்குப்படியே விழும், வித்தியாசத்தைத் தொழிலாளி பணமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கமும் இப்படி ஒரு பேச்சு வந்தது, எங்கே என்று சொல்ல மாட்டேன், முடியாது என்று சொல்லிவிட்டோம். வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது பி.சி.யின் வேலை நிலைமைச் சட்டப்படி குற்றம், வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் புகார் கொடுத்தால் வேலை போகும், வேலை போனால் அனுமதி எதற்கு என்று எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். நேர்வழியில் இரண்டாவது சம்பளம் சேர்க்க வழியில்லாமல் செய்தால் குறுக்குவழி விற்பவனுக்குத்தான் வியாபாரம். சம்பள விதியைக் கொண்டுவந்த நோக்கமே இதில் அடிபட்டுப் போகிறது.

இதைச் சரிசெய்ய எல்லையைக் குறைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாகாணம் விண்ணப்பிக்க அழைப்பு அனுப்பியதும் 30 நாள் கொடுக்கிறது. அந்த அழைப்பை வைத்தே துணைவருக்கு வேலை அனுமதி கேட்கலாம் என்று ஒட்டாவா சொல்லட்டும். அது முடியாது என்றால், மாகாணம் துணைவருக்குக் கிடைத்திருக்கும் வேலைவாய்ப்புக் கடிதத்தை நிபந்தனையோடு ஏற்றுக்கொள்ளட்டும். நாமினேஷன் கொடுத்த பிறகும் பி.ஆர். கிடைக்கும் வரை சம்பளமும் வேலையும் அப்படியே இருக்க வேண்டும் என்று இப்போதே நிபந்தனை போடத்தானே செய்கிறார்கள், மனைவி வேலையில் சேர்ந்தாளா இல்லையா என்பதையும் அதே மாதிரி பார்த்துக்கொள்ளலாம். சேரவில்லை என்றால் நாமினேஷனை ரத்து செய்யட்டும். இதற்கு அரசாங்கத்துக்குப் புதிதாகப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

இப்போது இதையெல்லாம் பேசி என்ன பயன், ஒதுக்கீடே இல்லையே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 2024-இல் பி.சி.க்கு 8,000 நாமினேஷன் இருந்தது, 2025 தொடக்கத்தில் ஒட்டாவா கொடுத்தது 4,000. அதனால் அந்த ஆண்டு புதிய அழைப்புகளை மருத்துவத் துறைக்கும் அதிகச் சம்பள வேலைகளுக்கும் என்று சுருக்கினார்கள், புள்ளிக் கணக்கில் மணிக்கு 70 டாலர் வாங்குபவருக்குச் சம்பளத்துக்கு மட்டுமே முழு 55 புள்ளி. எங்கள் முறை எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் கதவு மறுபடி திறக்கும்போதும் இதே விதிதான் நிற்கும், அன்றைக்கு ஓடிவந்து கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். ஜனவரி தமிழ் மரபுத் திங்கள் என்று நாடாளுமன்றம் 2016-இல் தீர்மானம் போட்டதிலிருந்து, பொங்கல் மேடைகளில் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் வேட்டி கட்டி, புடவை கட்டி வந்து நிற்கிறார்கள், நீங்கள் முதல் பக்கத்தில் படம் போடுகிறீர்கள். அடுத்த முறை உங்கள் நிருபர் அவர்களிடம் பொங்கல் எப்படி இருந்தது என்று கேட்பதோடு நிறுத்தாமல், எம்.பி.யிடம் துணைவர் வேலை அனுமதியைப் பற்றியும் எம்.எல்.ஏ.விடம் துணைவர் வருமானத்தைச் சேர்ப்பது பற்றியும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டு, அவர்கள் சொன்ன பதிலை அப்படியே அச்சிடுங்கள். ஒட்டாவா கையில் இருக்கிறது என்று எம்.எல்.ஏ. சொல்வார், மாகாணம் பார்க்க வேண்டியது என்று எம்.பி. சொல்வார். அந்த இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா