50,000 மணி நேரம்: யாருடைய ஆயுள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பக்கத்துக் கிராமங்களின் எல்.இ.டி. தெருவிளக்குகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, விளக்குக்குள் இருந்து மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்னும் கருவியின் எம்.டி.பி.எஃப். 50,000 மணி நேரம் என்பதால், இரவுக்கு 12 மணி நேரம் எரித்தாலும் 11 ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று கணக்கிட்டிருந்தது. வகுத்தது சரி, பொருள் கொண்டதுதான் தவறு.

எம்.டி.பி.எஃப். என்பது பழுதுகளுக்கிடையே கழியும் சராசரி நேரம். 1,000 டிரைவர்களை 1,000 மணி நேரம், அதாவது ஆறு வாரம் ஓடவிட்டு, பழுதானதை உடனுக்குடன் மாற்றி, மொத்தம் 20 பழுது கண்டால், பத்து லட்சத்தை 20ஆல் வகுத்து 50,000 என்று எழுதிவிடலாம். அதில் எந்த டிரைவரும் இரண்டு மாதம்கூட உழைத்துக் காட்டியிருக்காது. பழுதாகும் வீதம் என்றும் மாறாது என்று வைத்துக்கொண்டாலும், நிகழ்தகவின்படி முதல் ஆண்டிலேயே நூற்றுக்கு எட்டு போய்விடும். 50,000 மணி நேரம் நிறையும்போது 37தான் மிஞ்சும்.

வீதம் மாறாமலும் இருப்பதில்லை. டிரைவரில் மின்னைத் தேக்கிவைக்கும் மின்பகு கெப்பாசிட்டரின் உள்ளிருக்கும் திரவம் சூட்டில் உலரும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த பெட்டிக்குள் அந்தியில் விளக்கைப் போடுகிற ஊர் நம்முடையது. முதுமையால் வரும் இந்தப் பழுதை ஆறு வாரச் சோதனை பார்த்திருக்கவே முடியாது. எந்த வயதில் எத்தனை பழுதாகும் என்று காட்டும், தேய்மானத்துக்கும் பொருந்தும் நிகழ்தகவுப் பரவலைச் சுவீடன் பொறியாளர் வெய்புல் 1951லேயே விளக்கி எழுதிவிட்டார்.

காற்றாலைப் பராமரிப்பில் இருந்த நாளில் நாங்கள் பேரிங்குக்குச் சராசரி ஆயுளைக் கேட்டதில்லை. நூற்றில் பத்து பழுதாகும் நேரத்தைக் குறிக்கும் எல்10 என்னும் எண்ணைத்தான் பார்ப்போம். ஆடிக் காற்றில் ஒரு பேரிங் போனால், மற்ற தொண்ணூற்றொன்பதும் நன்றாக ஓடினாலும், கிரேன் வந்து சேரும்வரை அந்தக் காற்றாலை நின்றுதான் இருக்கும்.

ஊராட்சிகளும் ஒப்பந்தப்புள்ளியில் இதையே கேட்கலாம்: நம் ஊர் வெப்பத்தில் மூன்றாம் ஆண்டு முடிவில் நூற்றுக்கு எத்தனை எரியும், எத்தனை மாதிரிகளைச் சோதித்துச் சொல்கிறீர்கள் என்று. ஐந்தை எரித்துப் பார்த்தோம், ஒன்றும் போகவில்லை என்ற பதில் போதாது. பத்தில் ஒன்று பழுதாகும் சரக்கிலும் ஐந்தும் தப்பிவிடும் வாய்ப்பு 59 விழுக்காடு. நூற்றுக்குத் தொண்ணூறு தேறும் என்று 90 விழுக்காடு உறுதியுடன் சொல்வதற்கு, 22 மாதிரிகள் ஒன்றுகூடப் பழுதாகாமல் அந்தக் காலத்தைக் கடந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறியாளர்,
பணகுடி.