பூஞ்சைத் தட்டை வாசலிலும் ஒன்று வைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பூஞ்சை இருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ளும் 'கிட்' பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். கிட்டில் வரும் தட்டை அறையில் கொஞ்ச நேரம் திறந்து வைத்து மூடிவிட்டு, சில நாள் கழித்து அதில் பூஞ்சை முளைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் பந்தலூர், சேரம்பாடி, எருமாடு பக்கம் பெயிண்ட் வேலை எடுத்துச் செய்பவன். ரோட்டைத் தாண்டினால் வயநாடு. ஜூனில் பிடிக்கிற மழை செப்டம்பர் வரை லேசில் விடாது. பீரோவுக்குள் மடித்து வைத்த தோல் பெல்ட்டுகூடப் பூத்துப்போகும். பூசணமே இல்லாத வீட்டை இங்கே யாராவது காட்டினால் அந்த வீட்டுக்குக் கூலி வாங்காமல் பெயிண்ட் அடித்துத் தருகிறேன்.

அந்தக் குறிப்பு வந்ததிலிருந்து எனக்குப் போன் மேல் போன். சேரம்பாடியில் ஒரு வீட்டில் தட்டைப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கே போய்விட்டார்கள். நான் போனபோது அது ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. வட்டமான பிளாஸ்டிக் தட்டு, உள்ளே அகார். நாம் கடல்பாசி என்று இனிப்பு செய்கிறோமே, அதே சரக்குதான். அதன் மேல் ஓரத்தில் பச்சைப் பொடி, நடுவில் வெள்ளைப் பஞ்சு, அதற்குள் கறுப்புப் புள்ளிகள். பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. "அண்ணா, விஷப் பூஞ்சையா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

அதே பாக்கெட்டில் இன்னொரு தட்டு மிச்சம் இருந்தது. அதை வாசல் போர்ட்டிகோவில், முதல் தட்டு அறையில் திறந்திருந்த அதே நேரத்துக்குத் திறந்து வைத்து மூடச் சொன்னேன். சில நாள் கழித்து போட்டோ அனுப்பினார். வாசல் தட்டில் வீட்டுத் தட்டைவிட அதிகமாக முளைத்திருந்தது. தேயிலைக் காட்டுக் காற்றில் பூஞ்சையின் வித்துத்தூள் இல்லாமலா இருக்கும்? இங்கே மட்டுமல்ல, எந்த ஊர்க் காற்றிலும் அது உண்டு. தட்டைத் திறந்து வைத்துவிட்டு முளைத்திருக்கிறதே என்று அலறுவது, மழையில் அண்டாவை வைத்துவிட்டுத் தண்ணீர் விழுந்திருக்கிறதே என்று அலறுவது போலத்தான்.

வாசல் தட்டையும் முழுக்க நம்ப வேண்டாம். எவ்வளவு காற்று அந்தத் தட்டைத் தொட்டது என்பதற்குக் கணக்கே கிடையாது. கனமான தூள் சீக்கிரம் விழும், பொடித்தூள் காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும். செத்த தூள் முளைக்காது, ஆனால் மூச்சுத் தொந்தரவு கொடுக்கும். ஈரச் சுவரில் வரும் ஒருவகைக் கறுப்புப் பூஞ்சையின் தூள் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு காற்றில் எளிதில் ஏறாது, அதனால் சுவரெல்லாம் கறுத்திருந்தாலும் தட்டில் அது வராமல் போகலாம். ஆகத் தட்டு சுத்தமாக இருந்தாலும் அர்த்தமில்லை, பூத்துக் குலுங்கினாலும் அர்த்தமில்லை. இதில் தட்டைத் திருப்பி அனுப்பினால் என்ன ரகம் என்று சொல்வதற்குத் தனிக் கட்டணம் வேறு. ரகம் தெரிந்து என்ன செய்யப்போகிறோம்? எந்த ரகமாக இருந்தாலும் ஈரத்தை நிறுத்திவிட்டுச் சுரண்டித் துடைக்க வேண்டியதுதான். நிறத்தைப் பார்த்து விஷமா இல்லையா என்று சொல்லவும் முடியாது. வாட்ஸ்அப்பில் சுவர் போட்டோ அனுப்பிக் கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சை இருந்தால் பெரும்பாலும் மாதிரி எடுக்கவே தேவையில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே சொல்கிறது. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியிலும் 'இத்தனை வரை பரவாயில்லை' என்று ஓர் எண் இல்லை. ஈரத்தைத் தடுங்கள் என்பதுதான் அதன் பேச்சு. எண்ணே இல்லாத விஷயத்துக்கு 'பாஸ், ஃபெயில்' போடுகிறது இந்தக் கிட்.

சேரம்பாடி வீட்டில் நான் பார்த்தது வேறு. பீரோவை நகர்த்திவிட்டு, பின்சுவரில் ஒன்றரை அடிக்கு ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் தாளுக்கும் சுவருக்கும் நடுவில் முத்து முத்தாகத் தண்ணீர். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம், உள்ளே பைப் ஜாயிண்ட் கசிவு. தாளின் வெளிப்பக்கம், அதாவது அறைப் பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது என்று பொருள். அதற்குப் பிளம்பர் வேண்டாம், பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுச் சன்னலைத் திறந்தால் பாதி சரியாகும்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உடனே பூஞ்சை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கொஞ்சம் சுரண்டித் தண்ணீரில் போடுங்கள், கரைந்தால் உப்பு. அதுவும் ஈரத்தால் வருவதுதான் என்றாலும் அதற்கு மருந்து வேறு. இரண்டு முள் வைத்த ஈரம் பார்க்கும் மீட்டரையும் ஆன்லைனில் வாங்குகிறார்கள். மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதைத்தான் அது பார்க்கிறது, அளவும் பெரும்பாலும் மரத்துக்குப் போட்டது. உப்பேறிய சுவரில் இல்லாத ஈரத்தையும் காட்டும். பிளீச் சொட்டு வைத்து, வெளுத்தால் பூஞ்சை என்று பார்க்கிறவர்களும் உண்டு. டீக்கறையும்தான் வெளுக்கும். செய்வதாக இருந்தால் தயவுசெய்து டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு பிளீச்சைக் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

காசு செலவு செய்தே தீரவேண்டும் என்றால் காற்றின் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் வாங்கலாம். அதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. ஒரு மூடியில் கல்லுப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஈரமாக்கி, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி வையுங்கள். 75 காட்ட வேண்டும். வீட்டுக்குள் 60-க்குக் கீழே இருப்பது நல்லது என்பார்கள். ஜூலையில் பந்தலூரில் அது நடக்காது, அது வேறு கதை.

பிள்ளைக்கு இளைப்பு இருந்தால் டாக்டரிடம் போங்கள். பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தட்டுக்குத் தெரியாது. அப்புறம், பூத்த தட்டைத் திறந்து மோந்து பார்க்கிறார்கள் சிலர். கவரில் போட்டுக் கட்டித் தூக்கிப் போடுங்கள்.

இந்தப் பயத்தில் வியாபாரமும் நடக்கிறது. தட்டைக் காட்டி, பூஞ்சை பிடிக்காத பெயிண்ட் என்று விலை கூடின டப்பாவைத் தலையில் கட்டுகிறார்கள். ஈரச் சுவர் மேல் எந்த பெயிண்ட் அடித்தாலும் கொப்புளித்து உரியும். ஜூலையில் யாராவது பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று வந்து நின்றால் ஜனவரியில் வரச் சொல்லி அனுப்புங்கள், நானாகவே இருந்தாலும்.

இப்படிக்கு,
ஒரு பெயிண்டிங் கான்ட்ராக்டர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.