டிபி மாத்திரை ஃப்ரீ, பருப்புக்கு எங்க போறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காசநோய் ஒழிப்பு பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்தியப் படிச்சேன். நோயாளிகளுக்கு சத்தான சாப்பாட்டுக்கு மாசம் 1000 ரூபா பேங்க்ல போடுறாங்கன்னு இருந்துச்சு. போடுறாங்க, இல்லன்னு சொல்லல, 2018ல 500ன்னு ஆரம்பிச்சு 2024 நவம்பர்லேர்ந்து ஆயிரம் ஆக்குனாங்க. ஆனா அந்த ஆயிரம் எப்ப வருது, வந்தா யாரு தட்டுக்குப் போகுதுங்கறத எங்க வீட்டுல நடந்தத வச்சே சொல்றேன்.

என் தம்பி பெயிண்டரு. பட்டி பாக்குறது, பெயிண்ட் அடிக்கிறது, தினக்கூலி. போன வருஷம் ரெண்டு மாசமா இருமிக்கிட்டே வேலைக்குப் போயிருக்கான், சிமெண்ட் தூசின்னு நெனச்சு நாங்களும் விட்டுட்டோம், சளி டெஸ்ட்ல டிபின்னு வந்தப்போ அவன் எடை 43 கிலோ. மாத்திரைக்கு ஒரு பைசா செலவில்ல, அத மனசாரச் சொல்லணும், வீட்டுக்கே போன் பண்ணி மாத்திரை போட்டியான்னு கேட்டாங்க. பணம்தான் வரல. பேங்க் அக்கவுண்ட் கேஒய்சி முடிஞ்சு போச்சுன்னு ஒரு தடவ, ஆதார்ல இன்ஷியல் மாறியிருக்குன்னு ஒரு தடவ, நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில அரை நாள் லீவு போட்டு அவனோட அலைஞ்சதுதான் மிச்சம், கடைசியில நாலாவது மாசம் மொத்தமா வந்துச்சு. வந்த அன்னிக்கே வாடகை பாக்கிக்குப் போயிடுச்சு. நாலு மாசமா வீட்டு ஓனர் பொறுத்துக்கிட்டாரு, அவரக் குத்தம் சொல்ல முடியாது, தம்பி பொண்டாட்டியையும் சொல்ல முடியாது.

டிபி மாத்திரை போட்டு மூணு நாலு வாரத்துல பசி வந்துடும் சார். அதுவரைக்கும் சோத்தப் பாத்தாலே மூஞ்ச திருப்பிக்கிட்டு இருந்தவன் ராத்திரி பதினோரு மணிக்கு எந்திரிச்சு "அக்கா, ஏதாவது இருக்கா"ன்னு கேப்பான். உடம்பு தேறுதுன்னு அர்த்தம்னு நர்ஸம்மா சந்தோஷமா சொன்னாங்க, எங்களுக்கு பக்குனு இருந்துச்சு. ஒவ்வொரு மாசமும் எடை பாக்குறப்போ ஏறலன்னா திட்டு விழும்னு பேன்ட் பாக்கெட்ல பட்டித் தகடு, சாவிக்கொத்து, சில்லறை எல்லாம் போட்டுக்கிட்டு மிஷின்ல ஏறி நின்னிருக்கான். வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிச்சான், நாங்களும் சிரிச்சோம்.

என் பொண்ணு நர்சிங் படிக்குது, அதுதான் ஒரு விஷயம் சொல்லிச்சு. 1956ல இங்கதான், நம்ம மெட்ராஸ்ல, டிபிக்குன்னு ஒரு ஆராய்ச்சி சென்டர் ஆரம்பிச்சாங்க, இப்ப சேத்துப்பட்டுல இருக்கே அதுதான். சானடோரியத்துல, அதாவது டிபி ஆஸ்பத்திரியில, படுக்க வச்சு நல்ல சாப்பாடு குடுத்தவங்களுக்கும், குடிசையில இருந்துக்கிட்டு அரை வயிறு கஞ்சியோட மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்களுக்கும் குணமாகுறதுல பெரிய வித்தியாசம் இல்லன்னு 1959ல சொன்னாங்க. அதுக்கப்புறம் உலகம் பூரா வீட்டுலயே வச்சு வைத்தியம் பாக்கலாம்னு ஆயிடுச்சு, எத்தன ஏழைங்களுக்கு அது நல்லதாச்சு. ஆனா கூடவே, சாப்பாடு ரெண்டாம் பட்சம், மாத்திரை போதுங்கற நெனப்பும் ஒட்டிக்கிச்சோன்னு எனக்குத் தோணுது.

இப்ப ஜார்க்கண்ட்ல ஒரு ஆராய்ச்சி முடிஞ்சு 2023ல வெளியிட்டாங்க, கொரோனா ஊரடங்குக்கு நடுவுலயும் விடாம நடத்துனது, அதுலயும் நம்ம சேத்துப்பட்டு ஆளுங்களுக்கு பங்கு உண்டு. 2800 நோயாளிங்க, எல்லாருக்கும் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய்னு மாசம் 10 கிலோ குடுத்திருக்காங்க. பாதி குடும்பத்துல மட்டும் கூட இருக்குறவங்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு. அப்படி குடும்பத்துக்கே குடுத்த வீடுங்கள்ல மத்தவங்களுக்கு டிபி வர்றது 39 சதவீதம் கம்மி, அதுலயும் தொத்துற வகை கிட்டத்தட்ட பாதியா கொறஞ்சிருக்கு. நோயாளிக்கு முதல் ரெண்டு மாசத்துல எடை 5 சதவீதம் ஏறினா சாகுற ஆபத்து 61 சதவீதம் கொறையுதாம். 43 கிலோவுல 5 சதவீதம்னா ரெண்டு கிலோ சொச்சம், என் தம்பிக்கு ரெண்டு மாசத்துல ஒரு கிலோ ஏறுச்சு, சாவிக்கொத்தோட சேத்து.

இங்க ரேஷன்ல என்ன கிடைக்குது? அரிசி ஃப்ரீ, அதுல குறை இல்ல. துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ, பாமாயில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர், வீட்டுல ரெண்டு பேர்னாலும் அஞ்சு பேர்னாலும் கார்டுக்கு அவ்வளவுதான். தம்பி வீட்டுல அம்மா, ரெண்டு புள்ளைங்களோட சேத்து அஞ்சு பேரு, தலைக்கு மாசத்துக்கு 200 கிராம் பருப்பு. ஜார்க்கண்ட்ல 1500 கிராம்.

நான் கேக்குறது இதுதான். டிபின்னு பேரு ஏறின அந்த வாரமே அந்த வீட்டு கார்டுல ஆறு மாசத்துக்கு பருப்பையும் எண்ணெயையும் தலைக் கணக்குல ஏத்திக் குடுங்க. ஆயிரம் ரூபாய நிறுத்தச் சொல்லல, அது முட்டைக்கும் பாலுக்கும் ஆகட்டும், வாடகைக்குப் போனாலும் போகட்டும். 2021 ஜூன்ல கொரோனா நிவாரணமா ரெண்டு கோடிக்கு மேல கார்டுக்கு உளுந்துலேர்ந்து டீத்தூள், சோப்பு வரைக்கும் 14 சாமான் பையில போட்டு டோக்கன் வச்சு குடுத்த ஊரு இது, கூடவே 4000 ரூபா ரெண்டு தவணையா. அதே கடை, அதே பில் மிஷின். தமிழ்நாட்டுல வருஷத்துக்கு டிபின்னு பதிவாகுறவங்க லட்சத்துக்குப் பக்கத்துலதான் இருப்பாங்க, அதுக்கு முடியாதா?

பில்லுல நோய் பேரு மட்டும் வேணாம், கூடுதல் பருப்புன்னு போட்டா போதும். ஏன் சொல்றேன்னா ஒரு தடவ நன்கொடை குடுக்குறவங்க வந்து சத்துணவுப் பை குடுத்தாங்க, நல்ல மனசுதான், ஆனா பேனர் கட்டி வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க, தம்பி மாஸ்க்க கண்ணு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு நின்னான், அடுத்த மாசம் அந்தப் பைய வாங்கவே போகல. அதுல கடலையும் பேரீச்சம்பழமும் இருந்துச்சு, புள்ளைங்க கேட்டுச்சுங்க.

அவனுக்கு இப்ப குணமாயிடுச்சு, 49 கிலோ, பாக்கெட் காலியா வச்சே. இந்த லெட்டரப் போட்டா என் பேரப் போடாதீங்க சார், தெரிஞ்சா காண்ட்ராக்டர் அவன வேலைக்குக் கூப்பிட மாட்டாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை - 39