94-ஐ அழிக்க விடாதே

நீடாமங்கலம்,
ஆடி 22

அன்புள்ள விஜி,

உன் கடிதம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் வந்தது. வெண்ணாற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அம்மா முழங்கால் வலியோடு மூணாறு தலைப்பு வரை வந்து காதோலை கருகமணி விட்டுவிட்டுத்தான் திரும்பினாள். இங்கே எல்லா வீட்டிலும் இப்போது சம்பா நாற்றங்கால் பேச்சுதான். நீ கோத்தகிரிக் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாடம் நடத்துகிறாய் என்று சொன்னால் அம்மா நம்ப மாட்டேன் என்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் கொதிக்கும்போது தெர்மாமீட்டர் 94 காட்டியது, நாலு பிள்ளைகள் அதை அழித்துவிட்டு 100 என்று எழுதிவிட்டார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான்.

நான் வேலையில் சேர்ந்த இரண்டாவது வருஷம். இதே சோதனைதான். ஒரு பையன் 98 என்று எழுதிக்கொண்டு வந்து நின்றான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நூறு வரணும்டா, மாத்தி எழுது" என்றேன். அவன் மறுபடி போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் ரப்பரை எடுத்து அழித்தான். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை, 100-க்குப் பக்கத்தில் வரவேண்டியதுதான். ஆனால் தெர்மாமீட்டரே 2 டிகிரி குறைத்துக் காட்டியிருக்கலாம் இல்லையா? உருகும் ஐஸில் முக்கி 0 காட்டுகிறதா என்று பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கண்ணால் பார்த்ததை நம்பாதே, டீச்சர் சொல்வதை எழுது என்று அன்றைக்கு அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். அது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

உன் பள்ளிக்கூடம் இருக்கும் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. 94-க்குப் பக்கத்தில் கொதிப்பதுதான் அங்கே நியாயம். உன் பிள்ளைகள் சரியான விடையை அழித்துவிட்டுத் தப்பான விடையை எழுதியிருக்கிறார்கள், விஜி. ஆனால் காரணத்தை உடனே சொல்லிவிடாதே. "தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சா, இல்லை தண்ணீர்தான் அப்படியா, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று மட்டும் கேள். ஐஸ் யோசனை அவர்களிடமிருந்தே வரும். வராவிட்டால் ஐஸைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் இரு.

பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த மாதம்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அதைத்தான் உனக்கு விரிவாக எழுத நினைத்தேன்.

எட்டாம் வகுப்பில் விதை நெல் தேர்வு செய்து காட்டலாம் என்று கிளம்பினேன். உனக்குத் தெரிந்ததுதான். தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போய், முட்டை மிதந்ததும் நிறுத்தி, அதில் நெல்லைக் கொட்ட வேண்டும். மிதப்பதை அரித்துத் தள்ளிவிட்டு, அடியில் தங்கும் கனத்த மணியை நல்ல தண்ணீரில் அலசி விதைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 2 லிட்டர் தண்ணீர். உப்பை 50 கிராம் பொட்டலமாக நிறுத்து மடித்து வைத்திருந்தேன். முட்டையைப் பிள்ளைகளே கொண்டுவந்தார்கள்.

ஜன்னலோரக் குழுவில் இரண்டாவது பொட்டலத்திலேயே முட்டை மேலே வந்துவிட்டது. கதவுப் பக்கத்துக் குழுவில் நாலு பொட்டலம் போட்டும் அடியிலேயே கிடந்தது. ஐந்தாவது கரைந்த பிறகுதான் மெதுவாக எழும்பியது. ஒரே வாளி, ஒரே அளவுத் தண்ணீர். ஒன்றுக்கு 100 கிராம், இன்னொன்றுக்கு 250. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குக் காரணம் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, "ஏன் இப்படி?" என்று கரும்பலகையில் எழுதினேன்.

ஒருத்தன் தண்ணீர் வேறு என்றான். ஒரு குழு குழாய்த் தண்ணீர், இன்னொரு குழு அடிபம்புத் தண்ணீர் பிடித்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. இன்னொருத்தன் உப்பு வேறு என்றான். அதுவும் நிஜம், ஒன்றில் தூள் உப்பு, இன்னொன்றில் வேதாரண்யத்துக் கல் உப்பு. கடைசி வரிசையில் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, "எங்க முட்டை நேத்து எங்க கோழி இட்டது டீச்சர். அவங்களது கடை முட்டை" என்றாள். ஆளுக்கு ஆள் கத்த ஆரம்பித்தார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன்: "யார் சொல்றது சரின்னு சண்டை போடாம எப்படித் தெரிஞ்சுக்கறது?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அந்தப் பெண் நேராகப் போய் இரண்டு முட்டையையும் எடுத்து, இடம் மாற்றிப் போட்டாள். அவள் வீட்டு முட்டை 100 கிராம் வாளியில் கல்லாட்டம் முழுகியது. கடை முட்டை 250 கிராம் வாளியில் பந்து மாதிரி மேலே நின்றது. வகுப்பே எழுந்து நின்றுவிட்டது, விஜி.

நான் அதோடு முடித்திருப்பேன். ஒரு பையன் விடவில்லை. "முட்டைதான் வித்தியாசம், சரி. ஆனா உப்பும் கொஞ்சம் காரணமா இருக்கலாம்ல? அத நாம பார்க்கவே இல்லியே" என்றான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை என்று நாம் பி.எட். படித்தபோது மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று மனப்பாடம் செய்தோமே, அதை இவன் சண்டைக்கு இழுப்பதுபோலக் கேட்கிறான்! மறுநாள் அதே முட்டை, அதே குழாய்த் தண்ணீர், உப்பு மட்டும் இரண்டு வகை என்று செய்தார்கள். அனேகமாகச் சமமாகவே வந்தது. அடுத்த நாள் உப்பு ஒன்று, தண்ணீர் இரண்டு. அதிலும் பெரிய வித்தியாசமில்லை. அதன் பிறகுதான் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்தோம். கடை முட்டையின் அகன்ற முனையில் காற்று அறை பெரிதாக, தெளிவாகத் தெரிந்தது. ஓட்டின் நுண்துளை வழியாக நாளாக ஆக ஈரம் வெளியேறுகிறது, அந்த இடத்தில் காற்று புகுகிறது, முட்டை அதே பருமனில் லேசாகிறது. இதை நான் சொன்னது நாலாவது நாள்.

பழைய முட்டையை நம்பினால் கரைசலில் உப்பு போதாது, அரைகுறை மணியும் அடியில் தங்கி விதையோடு போய்விடும் என்பதை அவர்களே சொன்னார்கள். அந்தப் பெண்ணின் தாத்தா எப்போதும் "புது முட்டையா எடு" என்பாராம். ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

இரண்டு பீரியடில் முடிய வேண்டியது நாலு நாளை எடுத்துக்கொண்டது. பாடத்தை எப்போது முடிப்பாய் என்று கேள்வி வந்தது. முடித்துவிடுவேன் என்றேன், வேறென்ன சொல்ல.

எனக்கு உண்மையான கவலை தேர்வுதான். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்று பிரித்திருக்கிறோம். ஆனால் அந்த 25-லும் என்ன விடை வரவேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரியும். ரெக்கார்டு நோட்டில் அளவீடு பாதி நேரம் சோதனைக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகளே சோதனை செய்து கற்கும் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்தது, நினைவிருக்கிறதா? அங்கே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வு எழுதலாம். புத்தகத்தில் பார்த்து எழுத முடியாத கேள்வியைக் கேட்க வேண்டிய பொறுப்பு அதனால் ஆசிரியருக்கு வந்தது. 30 வருஷம் கிராமத்துப் பள்ளிகளில் ஓடியது என்பதை நினைத்தால் எனக்குத் தெம்பாக இருக்கிறது, நிறுத்திவிட்டார்களே என்று வருத்தமாகவும் இருக்கிறது.

அந்த மாதிரி ஒரு கேள்வியை மாதத் தேர்வில் வைத்துப் பார்த்தேன். 'ஒருவர் ஒரு வயலில் யூரியாவும், இன்னொரு வயலில் யூரியாவோடு வேப்பம் புண்ணாக்கும் போட்டார். இரண்டாவது வயலில் விளைச்சல் அதிகம். வேப்பம் புண்ணாக்குதான் காரணம் என்று சொல்லும் முன் அவரிடம் என்னென்ன கேட்பாய்?' பாதிப் பேர் வேப்பம் புண்ணாக்கின் பயன்களை எழுதித் தள்ளினார்கள். சிலர் இரண்டும் ஒரே ரகமா, ஒரே நாளில் நட்டதா என்று கேட்டிருந்தார்கள். ஒரு பையன் ஒரே வரி எழுதியிருந்தான்: "எந்த வயல் தலைமடை, எது கடைமடை?" படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வாய்க்காலின் கடைசியில் இருந்துகொண்டு, ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் வந்து சேருமா என்று காத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. முழு மதிப்பெண் போட்டேன்.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. அந்தப் பெண் தன் வீட்டு முட்டை ஒன்றை நாள்தோறும் நிறுக்க ஆரம்பித்திருக்கிறாள். முதல் நாள் 41.6 கிராம். ஒன்பதாம் நாளான இன்று 40.5. சுவரில் அட்டவணை ஒட்டி, வரைபடம் போட்டு, கோட்டை நீட்டி, நல்ல தண்ணீரிலேயே அது எந்த நாளில் மிதக்கும் என்று ஆளுக்கொரு தேதி எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளையார் சதுர்த்தி வரை தாங்காது என்று ஒரு கட்சி, தாங்கும் என்று ஒரு கட்சி. நேற்று ஒருத்தி, குளிர்ந்த ஊரில் முட்டை இவ்வளவு சீக்கிரம் லேசாகுமா என்று கேட்டாள். எனக்கு உடனே உன் ஊர்தான் ஞாபகம் வந்தது. உன் பிள்ளைகளை அன்று இட்ட முட்டை ஒன்றைத் தினமும் ஒரே நேரத்தில் நிறுக்கச் சொல். அறையின் வெப்பநிலையையும் எழுதட்டும். வந்த எண்ணை வந்தபடியே எனக்கு அனுப்பு, ஒன்றிரண்டு தாறுமாறாக இருந்தாலும் பரவாயில்லை.

அந்த 94-ஐயும் மறக்காமல் எழுதி அனுப்பு. அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, கோத்தகிரியில் இப்படி வந்திருக்கிறது, ஏன் என்று இவர்களைக் கேட்கப் போகிறேன்.

அம்மா உன்னைப் பொங்கலுக்கு வரச் சொல்கிறாள்.

அன்புடன்,
மங்கை