‘கவனக்குறைவாகச் சாலையைக் கடந்தபோது’ என்று எழுதும் முன்

பெறுநர்: தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், விபத்து வழக்குகளைப் பதிந்து விசாரிக்கும் ஆய்வாளர்கள், உதவி ஆய்வாளர்கள் அனைவருக்கும்.

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

நடந்து போனவர் மீது வண்டி மோதிய வழக்குகளில் எஃப்.ஐ.ஆரைப் புரட்டினால் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: ‘இருபுறமும் பார்க்காமல் திடீரெனச் சாலையின் குறுக்கே வந்ததால்’. அடிபட்டவர் ஐ.சி.யூ.வில் நினைவில்லாமல் கிடக்கிறார். ஸ்டேஷனில் நிற்பவர் ஓட்டுநர் மட்டும்தான். அவர் சொன்னது எழுத்தில் ஏறிவிடுகிறது. அந்த வரி விபத்து இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்ப்பாயத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்பது, பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் வழக்கு நடத்தும் எங்கள் அன்றாட வேலை. உங்களில் பலருக்குக் குற்றப்பத்திரிகையோடு வழக்கு முடிந்துவிடுகிறது.

கணக்காகவே பார்ப்போம். 33 வயது, மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் கொத்தனார். கால் முறிந்து வேலைத்திறனில் 20 சதவீதம் போய்விட்டது. ஆண்டு இழப்பை எத்தனையால் பெருக்குவது என்று வயதை வைத்துத் தீர்மானிக்கும் எண்ணான ‘பெருக்கி’ இவருக்கு 16. வருமான இழப்பு 5,76,000 ரூபாய். மருத்துவச் செலவு, எதிர்கால வருமான உயர்வு, வலிக்கான தொகை எல்லாம் தனி. காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் உங்கள் எஃப்.ஐ.ஆரையே சான்றாவணமாகக் குறியிட்டு, ‘நடந்தவர் மீதும் தவறு’ என்று வாதாடி 40 சதவீதம் கழிக்க வைத்தால், இந்த ஒரு தலைப்பில் மட்டும் 2,30,400 ரூபாய் போய்விடும். யாரும் விசாரிக்காத ஒரு வரிக்கு இந்த விலை.

2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளில் சந்தேகத்துக்கு இடமில்லை. சிக்னலோ காவலரோ இல்லாத பாதசாரிக் கடவையை (ஜீப்ரா கிராசிங்) நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டும், நடப்பவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் வழிவிட வேண்டும். முன்னால் நெரிசல் என்றால் கோடுகளின் மேல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. நடைபாதையில் வண்டி ஏறவே கூடாது. கடவைக்கு வெளியே கடந்தவர் என்பதாலேயே ஓட்டுநரின் கவனக் கடமை அற்றுப்போவதில்லை. நம் ஊர்ச் சாலைகளில் கிலோமீட்டர் கணக்கில் கடவையே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததா?

அதனால் எங்கள் முதல் வேண்டுகோள் வரைபடத்தைப் பற்றியது. பல வழக்குகளில் விபத்து நடந்த இடத்தைக் காட்டும் ரஃப் ஸ்கெட்ச் என்பது இரண்டு இணைகோடு, நடுவில் ஒரு பெருக்கல் குறி, ஓரத்தில் ‘டீக்கடை’. அவ்வளவுதான். நடந்தவர் வழக்கில் வேண்டியது வேறு. சாலையின் எந்த ஓரத்திலிருந்து எத்தனை மீட்டரில் மோதல் நடந்தது? 14 மீட்டர் சாலையில் 11 மீட்டரைத் தாண்டியவரைத் ‘திடீரென வந்தார்’ என்று சொல்ல முடியாது. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் ஏறத்தாழ ஒன்பது நொடி ஓட்டுநரின் பார்வையில் இருந்திருப்பார். வயதானவர் என்றால் இன்னும் அதிகம். பிரேக் தடம் உண்டா, எத்தனை மீட்டர்? தடமே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். செருப்பும் பையும் எங்கே கிடந்தன, அருகிலுள்ள கடவை எவ்வளவு தூரம், கோடுகள் தெரிகிறதா அழிந்துவிட்டதா, தெருவிளக்குக் கம்பத்தின் எண் என்ன, அன்று எரிந்ததா? நடைபாதையை டிரான்ஸ்ஃபார்மரோ பைக்குகளோ அடைத்திருந்தால், அவர் ஏன் தார்ச்சாலையில் நடந்தார் என்ற கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. இதற்கெல்லாம் ஒரு டேப்பும் அரை மணி நேரமும் போதும். மறுநாள் போனால் செருப்பு இருக்காது. மழை பெய்தால் தடமும் இருக்காது.

அடுத்தது மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். பல நேரம் அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவர் மோதிய ஓட்டுநரே. அது அவரது சட்டக் கடமை. ஆனால் டூட்டி டாக்டரிடம் ‘கீழே விழுந்துட்டாருங்க’ என்று அவர் சொன்னால் பதிவேட்டில் அப்படியே ஏறும். பிறகு எஃப்.ஐ.ஆரில் வண்டி எண் வந்ததும், ‘பின்னால் செருகப்பட்ட வாகனம்’ என்று காப்பீட்டு நிறுவனம் மறுக்கிறது. ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த அன்றே ஏ.ஆர். பதிவை வாங்கிப் பாருங்கள். முரண் இருந்தால், சேர்த்தவர் யார் என்று டாக்டரிடமும் உறவினரிடமும் கேட்டு வாக்குமூலத்தில் பதியுங்கள். எட்டு மாதம் கழித்து நீதிமன்றத்தில் இதைச் சரிசெய்ய முயல்வது பெரும்பாடு.

கடைகளின் சி.சி.டி.வி. பதிவுகள் சில வாரங்களில், சில இடங்களில் அதற்கும் முன்பே, தானாக அழிந்துவிடும். ‘ஃபோனில் எடுத்து வைத்திருக்கிறோம்’ என்பது போதாது. மூலப் பதிவின் நகலும், மின்னணுப் பதிவுகளுக்குப் பாரதிய சாட்சிய சட்டம் 63(4) கேட்கும் சான்றிதழும் வேண்டும்.

படிவங்கள் விஷயம் இன்னும் மோசம். 2022இல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் போக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் படிவம் 10 நாளில் அவர் கைக்கு வர வேண்டும். இடைக்கால அறிக்கைக்கு 50 நாள், விரிவான அறிக்கைக்கு 90 நாள். இழப்பீட்டு மனுவுக்கோ விபத்து நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. அந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன என்றாலும், அதை நம்பி யாரும் காத்திருக்க முடியாது. உங்கள் அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(4) பிரிவு வழி செய்கிறது. அறிக்கை நேரத்துக்குப் போனால், வக்கீல் வைக்க வசதியில்லாத குடும்பமும் தப்பிக்கும். அந்த உரிமைப் படிவத்தை வாசித்த குடும்பத்தைப் பார்ப்பதே எங்களுக்கு அரிது.

வண்டி நிற்காமல் போன வழக்குகளில் ‘நம்பர் தெரியலைன்னா ஒண்ணும் கிடைக்காது’ என்று ஸ்டேஷனிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். அது தவறு. அதே சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. ஒரு மாதத்துக்குள் வண்டி பிடிபடவில்லை என்றால் இந்தத் திட்டத்தைப் பற்றி எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. எழுதும்போது விண்ணப்பம் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் போக வேண்டும் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். கோட்டாட்சியரை ஆர்.டி.ஓ. என்று மட்டும் சொன்னால் லைசென்ஸ் எடுக்கும் ஆபீசில் போய் நிற்பார்கள்.

சமரசத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 10,000 ரூபாயைக் கையில் கொடுத்து ‘மேல் நடவடிக்கை வேண்டாம்’ என்று எழுதி வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது செய்வதாகத் தோன்றலாம். காலில் வைத்த பிளேட்டை எடுக்க மறு ஆபரேஷன், மடங்காத முட்டி, போன வேலை எதுவும் அந்த வாரத்தில் தெரியாது. மூன்றாம் நபர் காப்பீடு உள்ள வண்டி என்றால் பணம் தரப்போவது ஓட்டுநர் அல்ல, நிறுவனம். பிறகு சமரசத்தில் லாபம் யாருக்கு? காப்பீடே இல்லாத வண்டி என்றால் பிணை இல்லாமல் விடுவிக்க இடம் கொடுக்காதீர்கள். பிறகு உரிமையாளரிடம் வசூலிக்க ஒன்றும் மிஞ்சாது.

2022இல் மட்டும் நாடு முழுவதும் 32,825 பேர் நடந்து போகும்போது சாலையில் இறந்தார்கள். நடைபாதை அடிப்படை உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது, கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த வழக்கில்தான். நடைபாதை போடுவது நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சி வேலை. அவர்களுக்குத் தனியாக எழுதுவோம். உங்களிடம் கேட்பது ஒரு சுற்றறிக்கை: பாதசாரி வழக்குகளுக்கான வரைபட மாதிரி ஒன்று; அடிபட்டவரோ நேரில் கண்டவரோ வாக்குமூலம் தரும் வரை ‘கவனக்குறைவு’ என்று அடிபட்டவர் மீது எழுதக் கூடாது என்ற தெளிவான உத்தரவு; உரிமைப் படிவத்தைத் தமிழில் அச்சிட்டு, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தைக் கேஸ் கட்டில் வைக்கும் நடைமுறை. புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

இப்படிக்கு,
விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் இழப்பீட்டு வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களும் தன்னார்வலர்களும்