தொப்பி எங்கே, பாப்பா?

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய 43 கவிதைகளையும் இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன். நியூயார்க்கில் சட்டை தைத்து, 1909இல் தையல்காரிகளின் பெரிய வேலைநிறுத்தத்தைக் கிளப்பிவிட்ட கிளாரா லெம்லிக்கைப் பற்றிக் கவிதையிலேயே ஒரு நாவல் எழுதப்போகிறேன் என்று நீ சொன்னபோது, இது எங்கே போய் நிற்குமோ என்று நினைத்தேன். தப்பு என்னுடையது. நன்றாகவே வந்திருக்கிறது. "தயங்காம சொல்லுங்க சித்தி, பொதுவுலயே எழுதுங்க" என்றாய். சரி, எழுதுகிறேன். அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

முதல் பகுதியில் எனக்குக் குறையே இல்லை. அன்றைய ரஷ்யப் பேரரசில், உக்ரைன் பக்கத்துச் சிற்றூர் ஒன்று. ரஷ்யப் பள்ளியில் யூதப் பிள்ளைகளுக்கு இடமில்லை. அந்தக் கோபத்தில் அப்பா ரஷ்ய மொழியையே வீட்டுக்குள் விடமாட்டார். பெண்ணுக்கோ ரஷ்யப் புத்தகங்கள் மேல்தான் பைத்தியம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் சொல்லச் சொல்ல, அமெரிக்காவில் இருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதித் தருகிறாள். துணிக்குக் காஜா எடுக்கிறாள். அந்தக் காசில் வாங்கிய புத்தகங்களை அப்பா கண்டுபிடித்து எரிக்கிறார். மறுபடி முதலிலிருந்து சேர்க்கிறாள். இத்தனையையும் பதினோரு வரியில் சொல்லியிருக்கிறாய், ஒரு வரிகூட அழவில்லை.

ஆனால் 'பொத்தான் துளை' என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன? உன் பாட்டி அடுப்படி வேலை எல்லாம் முடிந்த பிறகு, குண்டு பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து, சட்டைக்கு இவ்வளவு என்று கூலிக்குக் காஜா எடுத்தவள். அவளிடம் போய்ப் 'பொத்தான் துளை' என்று சொல்லிப் பார். அப்புறம், ஏழு கவிதைகளில் தையல் மெஷின் 'தடதட' என்கிறது. இரண்டு போதும்.

1903இல் அதே ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரத்தில் யூதர்களை வெட்டிக் கொன்ற கலவரத்துக்குப் பிறகு குடும்பம் நியூயார்க்குக்குக் கிளம்புகிறது. இங்கிருந்துதான் எனக்கு உன்னோடு சண்டை.

கிளாரா 1909இல் அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்றில் தன் வேலையைப் பற்றி எழுதினாள், நீயும் படித்திருப்பாய். சட்டை தைக்கும் கம்பெனிகளில் பெண்களுக்குத் தனி அறை கிடையாது. தொப்பியையும் கோட்டையும் சுவரில் கொக்கியில் மாட்டிவிட்டு மெஷினில் உட்கார வேண்டும். எப்போதாவது ஒருத்தி புதுத் தொப்பியோடு வருவாள். 50 சென்ட்டைத் தாண்டாத, பெரிய அழகு என்று சொல்ல முடியாத தொப்பி. அதுவும் அங்கே மாட்டி வைத்தால் பாழ்தான். நாங்களும் வயசுப் பெண்கள்தானே, எங்களுக்கு மட்டும் புதுத் தொப்பி மேல் ஆசை இருக்கக் கூடாதா என்று கேட்கிறாள். முதலாளிகள் போடும் கூச்சலைப் பற்றியும் அதே கட்டுரையில்தான் எழுதுகிறாள். தொப்பியை அதைவிடச் சின்ன விஷயமாக அவள் நினைக்கவில்லை.

உன் கிளாராவிடம் பசி இருக்கிறது, கோபம் இருக்கிறது, தூக்கத்தில்கூடக் கையை முறுக்கி உயர்த்துகிறாள். தொப்பி மட்டும் இல்லை. இப்படி ஆசையே இல்லாத பெண் மேல் எனக்கு மரியாதைதான் வருகிறது, பாசம் வரவில்லை. இவ்வளவு நன்றாக உடுத்திக்கொண்டு வருகிறார்களே, இவர்களுக்கு என்ன குறை என்று அந்த வேலைநிறுத்தக்காரிகளைக் கேட்டவர்கள் அன்றே இருந்தார்கள். நீயும் தொப்பியை ஒளித்து வைத்தால், அவர்கள் கேட்டது நியாயம் என்று ஆகிவிடாதா?

நியூயார்க்கில் தையல் தொழிலாளர்கள் கூடிய கூப்பர் யூனியன் மண்டபம், 1909 நவம்பர் 22. இதற்கு மட்டும் ஒன்பது பக்கம் கொடுத்திருக்கிறாய். அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் உட்படப் பெரிய மனிதர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எச்சரிக்கையாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். முந்தைய மறியலில் அடியாட்கள் அடித்து விலா எலும்புகள் உடைந்த 23 வயதுப் பெண் எழுந்து, பேச்சைக் கேட்டது போதும், பொது வேலைநிறுத்தம் செய்வோம் என்று கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். அவள் பேசியது சில நிமிடம் என்றால் உன் கவிதையும் அவ்வளவுதான் இருக்க வேண்டும். பெரிய மனிதர்கள் பேச்சு வேண்டுமானால் நீளட்டும், வாசகரும் கொஞ்சம் கொட்டாவி விடட்டும்.

அந்த இடத்தில் கண்ணகி வருகிறாள் பார், அவளை எடுத்துவிடு. தமிழில் ஒரு பெண் எழுந்து நின்றாலே சிலம்பைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அன்று கூட்டம் எடுத்த உறுதிமொழியைக் கவனி. துரோகம் செய்தால் உயர்த்திய இந்தக் கை வாடிப்போகட்டும் என்பது அது. 137ஆம் சங்கீதத்தின் சாயல். தமிழ் பைபிளில் அந்த வரி 'என் வலதுகை தன் தொழிலை மறப்பதாக' என்று இருக்கிறது. தையல்காரிகள் கையை உயர்த்தும் இடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? வேலை தெரிந்த அந்தக் கை ஒன்றுதானே அவர்களுக்கு இருந்த சொத்து.

வேலைநிறுத்தத்தில் 20,000 பேர் வெளியே வந்ததும், 1910 பிப்ரவரிக்குள் பெரும்பாலான கம்பெனிகள் இறங்கி வந்ததும் உன் கவிதைகளில் சரியாகவே இருக்கிறது. சங்கத்தை ஏற்க மறுத்த டிரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனியில் 1911 மார்ச் 25 அன்று தீ பிடித்து, 146 பேர் செத்தார்கள். ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. இதை நீ தொடவில்லை. தொடாமல் விட்டதும் நல்லதுதான், அந்தத் தீக்குத் தனிப் புத்தகம் வேண்டும்.

ஆனால் உறுதிமொழியோடு நாவலை முடிக்காதே. அதன் பிறகு கிளாரா எழுபது வருஷத்துக்கு மேல் இருந்தாள். ஊரில் கம்பெனிக்காரர்கள் யாரும் வேலை தரவில்லை. கல்யாணம், மூன்று பிள்ளைகள், அதற்கு நடுவில் இறைச்சி விலைக்காகவும் வீட்டு வாடகைக்காகவும் தெருப் பெண்களைச் சேர்த்துப் போராட்டம். கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு முதியோர் இல்லம். அங்கேயும் சும்மா இருந்தாளா? வயலில் கூலிக்கு நின்றவர்கள் திராட்சையைப் புறக்கணிக்கச் சொல்லிக் கேட்டபோது, இல்லத்தின் நிர்வாகத்திடம் பேசித் திராட்சை வாங்குவதை நிறுத்த வைத்தாள். அங்கே வேலை பார்த்த பணியாளர்கள் சங்கம் வைக்கவும் துணை நின்றாள். 1982இல் இறந்தபோது வயது 96.

அந்தச் சாப்பாட்டு அறையில், திராட்சை இல்லாத ஒரு தட்டுக்கு முன்னால், அவள் தலையில் என்ன இருந்தது என்று யோசி. எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வா. மற்ற திருத்தங்களைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். பாட்டியின் காஜா ஊசியும் என்னிடம்தான் இருக்கிறது, காட்டுகிறேன்.

அன்புடன்,
சித்தி